வாசுவின் முதுகுவலி

தேநீர் ஆறிவிடப் போகிறது, முதலில் குடியுங்கள் டாக்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து இந்த நெரிசலில் கிள்ளான்வரை வந்திருக்கிறீர்கள். என் கணவர் உங்களிடம் வருவதை ஏன் நிறுத்தினார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

லோரி ஓட்டிய காலத்தில் வாசு வீட்டில் தங்கியதே இல்லை. பந்திங்கில் ஒருத்தி இருந்தாள், தெரியாதவர்கள் கிடையாது. லோரி கவிழ்ந்து முதுகில் அடிபட்ட பிறகுதான் அவர் எனக்குக் கணவரானார். வருஷக்கணக்காகக் குளிப்பாட்டினேன், தைலம் தேய்த்தேன். "புஷ்பா, நீ இல்லன்னா நான் செத்துருவேன் லா" என்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

பிறகு உங்களிடம் வந்தோம். காயம் எப்போதோ ஆறிவிட்டது, பயந்துபோன மூளைதான் இன்னும் வலியை எழுப்புகிறது என்றீர்கள். வலி பொய்யில்லை, ஆனால் அதில் ஆபத்தும் இல்லை என்றீர்கள். சில மாதங்களில் அவர் உங்கள் முன்னால் தானே குனிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தின் கயிற்றைக் கட்டினார், கட்டிவிட்டு அழுதார். நானும் அழுதேன். நீங்கள் அதைச் சந்தோஷம் என்று நினைத்தீர்கள்.

அப்புறம் தனியாகப் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தார். ஒருநாள் காலையில் முகம் மழித்து, வாசனை பூசிக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க?"

"பந்திங்ல ஒரு கூட்டாளிய பாத்துட்டு வரேன்."

திரும்பி வந்ததும் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். "டாக்டர் என்கிட்ட மட்டும் ஒன்னு சொன்னாங்க. ஸ்கேன்ல உங்க எலும்பு உதிருதாம். நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான் மறைச்சாங்க. இப்படியே நடந்தா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிடுமாம்."

அவ்வளவுதான். அவர்மேல் நான் கை வைக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்வதற்குள் வலி வந்துவிட்டது. உங்கள் எண்ணை அவர் கைப்பேசியிலிருந்து நான்தான் அழித்தேன்.

அன்று அவர் பார்க்கப் போனது பழைய லோரிக்காரர் சின்னையாவைத்தான் என்று பின்னால் தெரிந்தது. அதனால் என்ன, அடுத்த முறை அவளிடம் போயிருப்பார்.

இப்போது படுக்கையை விட்டு எழுவதில்லை. கால்கள் சூம்பிவிட்டன. முன்னைவிட வலி அதிகம், மாத்திரைக்கும் அடங்குவதில்லை. உள்ளே போய் உண்மையைச் சொல்லப் போகிறீர்களா? சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்பிவிடாதீர்கள். அவர் வலியில் துடிப்பதை என்னால் பார்க்க முடியாது, டாக்டர்.