அந்திக்கு உதவாத ஸ்கோப்

துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் வாங்கப் போகிறவன் அவசரப்படக் கூடாது, ஐயா. கோச்செவ்யே காட்டில் முப்பது வருஷம் பன்றி வேட்டையாடியவன் நான். எனக்கே யோசிக்க மூன்று வாரம் பிடித்தது.

நீங்கள் என் வீட்டைச் சோதனை போட்டு மாடியறையிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்திருக்கும் இந்தப் பழைய ஸ்கோப் நல்ல சாமான். முன்பக்க லென்ஸின் அகலத்தைப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகும் பன்றியின் காதுமயிர் வரை காட்டும். அது கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று கோர்ட்டில் நான் சொன்னது பொய்தான். அதில் நன்றாகத் தெரியும், அதுதான் அதன் கோளாறு.

யெர்னெய் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். போன வருஷம் மே மாதம் அவன் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஒரு பெண்பன்றியைச் சுட்டேன். அது விழுந்த பிறகு புல்லுக்குள்ளிருந்து கோடு போட்ட குட்டிகள் ஆறு வந்தன. குட்டிகளோடு இருக்கும் தாயைச் சுட்டவனை எங்கள் வேட்டைச் சங்கத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். முன்பு ஸிவ்கோ என்று ஒருவன் அதைச் செய்தபோது, அவனைத் துரத்தச் சொல்லி முதலில் கை தூக்கியவன் நான். அவன் அழுதான். நான் கையை இறக்கவில்லை.

"விடுடா ஸ்டானே, தெரியாம நடந்துபோச்சு. நான் மூச்சு விடமாட்டேன்" என்றான் யெர்னெய். விடவும் இல்லை. அதற்கு அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. வேட்டை முடிந்து எல்லோரும் சங்கக் குடிலில் பிளம் சாராயம் ஊற்றிக்கொள்ளும்போது கோப்பையைத் தூக்கி, "நம்ம அம்மாமார் எல்லாம் நல்லா இருக்கட்டும்பா!" என்பான். என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். மற்றவர்கள் அவரவர் அம்மாவை நினைத்துக் குடிப்பார்கள். நான் அவன் குடிக்கும் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு கோப்பை கூடிப்போனால் உளறிவிடுவான் என்று பயம். விளையாட்டுக்காரன் கையில் மானத்தைக் கொடுத்துவிட்டு எத்தனை நாள் தூங்க முடியும்?

ஆளைப் பன்றி என்று நினைத்துச் சுட்ட கதைகள் எங்கள் பக்கம் உண்டு. அப்படிச் சுட்டவனிடம் முதலில் கேட்பது, "என்ன ஸ்கோப் வச்சிருந்தே?" என்பதுதான். நல்ல ஸ்கோப் என்றால் தொலைந்தான். ஆகவே எனக்குக் கெட்ட ஸ்கோப் வேண்டியிருந்தது. வாங்கும்போது சாட்சியும் வேண்டியிருந்தது. யெர்னெயைத்தான் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரி மார்ட்டினா நல்லதாக நாலைந்து எடுத்து வைத்தாள். நான் மூலையில் கிடந்த சின்னதைக் கேட்டேன்.

"அண்ணே, அது பகல்ல மான் பாக்குறதுக்கு. அந்தி நேரத்துக்கு உதவாது, சொல்லிட்டேன்."

"எனக்கு இது போதும்மா."

யெர்னெய் அதை வாங்கி வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தான். "அடப்பாவி, இதுல பாத்தா பன்னிக்கும் பாதிரியாருக்கும் வித்தியாசம் தெரியாதே! கஞ்சப்பயலே, பாதிப் பணம் நான் போடறேன், நல்லதா வாங்கித் தொலை."

உண்மையாகவே பர்ஸை எடுத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன். மார்ட்டினா இதையெல்லாம் அப்படியே கோர்ட்டில் சொன்னாள். எனக்குக் கஞ்சன் என்று பெயர் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அதே வருஷம் அக்டோபர் கடைசி. மக்காச்சோளம் இன்னும் அறுக்கவில்லை. வயலோரப் பரணில் ஏறி உட்கார்ந்து, ஊருக்குக் கேட்கட்டும் என்று மண்ணில் ஒரு குண்டு சுட்டேன். பிறகு யெர்னெய்க்கு போன் செய்தேன். அடிபட்ட மிருகத்தை மோப்பம் பிடிக்கும் நாய் அவனிடம்தான் இருந்தது.

"பன்னி அடிபட்டு சோளத்துக்குள்ள பூந்துடுச்சுடா. காலையில நாயைக் கூட்டிட்டு வா. இப்ப வராதே."

அடிபட்ட பன்றியைப் பொழுது சாயும் நேரத்தில் தேடக் கூடாது, விடியட்டும் என்பது எங்கள் விதி. நான் விதிப்படிதான் பேசினேன். பக்கத்திலிருந்த அவன் மனைவி ஸ்தெங்காவுக்கும் கேட்டது. "அவர் வரவேண்டாம்னுதான் சொன்னார், இவருதான் கேக்கலை" என்று பாவம், கோர்ட்டில் அழுதாள்.

கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு ஜீவன் வலியில் கிடக்கிறது என்றால் அவனுக்குச் சோறு இறங்காது.

தெரியாமல் நடந்த சாவு என்று ஒரு வருஷத் தண்டனை கொடுத்து அதையும் நிறுத்திவைத்தார்கள், துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். சங்கத்தில் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டினார்கள். தாய்ப்பன்றியைச் சுட்டிருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். இது துரதிர்ஷ்டம் என்றார்கள். என் நாற்காலி என் இடத்திலேயே இருந்தது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மங்கலில் கறுப்பாக ஏதோ அசைந்தது, அடிபட்ட பன்றி திரும்பி வருகிறது என்று நினைத்தேன், காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் குரல் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை. இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான். வெளிச்சமும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அறுபது அடி தூரத்தில் சோளத்தை விலக்கி நின்று, "ஸ்டானே, நான்தான்டா! மனசு கேக்கலை, பாவம் அது!" என்று கூப்பிட்டான். அந்த மட்டமான ஸ்கோப்பிலும் அவன் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

நான் பொறுத்திருந்தேன். நாய் எதையோ மோந்து இழுத்தது, அவன் அதன் பக்கம் திரும்பிக் குனிந்தான். அப்போதுதான் சுட்டேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே சிநேகிதனைச் சுடுகிற அளவுக்கு நான் ஈரமில்லாதவன் இல்லை, ஐயா.