ரீங்காரத்தை நிறுத்தப் போன சித்தி

மணி மூன்று. ராத்திரி இல்லை, பிற்பகல் மூன்று.

பட்டப்பகலில் என்ன பேய் என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்திக்கு நடந்தது. வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். வாய்த்துடுக்கு அதிகம், பயம் என்ற பேச்சே கிடையாது. அவர் வாயாலேயே கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளச் சாலை. ஒரு சைக்கிள்கூட இல்லை. கடைசியில் ஒற்றை வீடு. அங்கே இருந்தவர், ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். தனி ஆள். கழுத்தில் ஹெட்போன்.

"அஞ்சு நாளா கம்ப்யூட்டர்ல ஙொய்ங்னு ஒரே சத்தம் மேடம். வேலையே ஓடல. எப்படியாவது நிறுத்திடுங்க."

அறையில் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஃபினாயில் வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ... தித்திப்பாக, அழுகின பழம்போல. சித்தி வாயால் மூச்சு விட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தார்.

சத்தத்தைப் பிடிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஃபேன். நடுவில் விரல் வைத்து நிறுத்தினார். விரல் பிசுபிசுத்தது. கரண்டை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

முடி. நீளமான நரைமுடி. ஃபேன் தண்டில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. தூசி படிந்த முடி என்றால் காய்ந்திருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. இடுக்கியால் இழுத்தார்... வந்தது. இன்னும் இழுத்தார்... இன்னும் வந்தது. நுனியில் வெள்ளையாக, தோல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு முடி சார்?"

"அக்காவோடதா இருக்கும். பக்கத்து ரூம்ல படுத்த படுக்கையா இருந்தா. போன மாசம் போயிட்டா."

"ஐயோ. என்னிக்கு?"

"தேதி சரியாத் தெரியல மேடம். ராப்பகலா முனகிட்டே இருப்பா. நமக்கோ காதுல கேட்டுச் செய்யற வேலை. ஹெட்போனை மாட்டிக்குவேன். ஒருநாள் கழட்டினா சத்தமே இல்ல. தூங்குறா போலன்னு விட்டுட்டேன். நாலாம் நாள் கதவுக்கு அடியில ஈ வந்துச்சு. அப்பதான் போய்ப் பார்த்தேன்."

வீட்டில் பால் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார். சித்தி கொஞ்சம் தள்ளி நகர்ந்துகொண்டார். முடி பரவாயில்லை, இந்த ஆள் மூச்சு படும் தூரத்தில் நிற்பதுதான் தாங்கவில்லை.

சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று கரண்டைப் போட்டார். ஙொய்ங்... அதே சத்தம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றினார். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் சப்ளையை வெளியே எடுத்தார். எடுக்கும்போதே உள்ளே கலகலவென்றது. சாய்த்ததும் மடியில் கொட்டியது... செத்த ஈக்கள். ஒரு கை நிறைய. சில சாகவில்லை.

உதறிக்கொண்டு எழுந்தார். அப்போதும் சத்தம் கேட்டது.

கரண்ட் இல்லை. ஃபேன் ஓடவில்லை. பாதி பாகங்கள் தரையில் கிடந்தன. வெறும் தகரப் பெட்டி. அதற்குள்ளிருந்துதான் வந்தது. சித்தி குனிந்து காதை வைத்தார். ஒரே சீரான சத்தம் இல்லை. இழுத்தது... நின்றது... மூச்சு வாங்கியது... மறுபடி இழுத்தது. காதில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. அதே அழுகல் நாற்றம்.

நடுவில் ஒரு சொல் மட்டும் தெளிவாக.

"தண்ணி..."

சித்தி நிமிர்ந்தார்.

"சார்... உங்க அக்கா தண்ணி கேக்குறாங்க."

அந்த ஆள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"தெரியுமே. அதைத்தானே மேடம் நிறுத்தச் சொல்றேன்."

சித்தி பையை எடுக்கவில்லை. செருப்பையும் மாட்டவில்லை. வெறுங்காலோடு அந்தச் சாலையில் ஓடி, பாதி வழியில் குந்தி உட்கார்ந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். வீட்டுக்குப் போய் மூன்று தடவை தலைக்குக் குளித்தார். நாற்றம் போகவில்லை.

நான்கு நாள் கழித்து போன். புது எண். தெரியாமல் எடுத்துவிட்டார். அதே ஆள். பின்னால் அவ்வளவு நிசப்தம்.

"ரொம்ப நன்றி மேடம். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு."

சித்தி போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"இப்ப அக்காவே வெளிய வந்துட்டா. என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு வாயைத் தொறந்து தொறந்து காட்டுறா. உள்ள ஒரே அழுக்கு மேடம்... என்னென்னவோ நெளியுது. ஒரு நடை வந்து கிளீன் பண்ணிக் குடுத்துடுறீங்களா?"