நாற்பது விநாடியில் திறந்த டிஸ்க்

—பேரை மறுபடி படியுங்கோ, இசக்கிதுரை. நான் சரியாத்தான் கேட்டேனா?

—அழகர், வயசு அம்பத்தி ரெண்டு. உள்ள இருக்க படம் ஒரு பொம்பளையாளுக்குள்ளது, மேடம். நெஞ்சு ஸ்கேன்தான். ஆனா ஆளு வேற.

—இது ஒண்ணு மட்டுமா?

—முந்தாநா சேத்ததுல ஏழு பாத்துட்டேன். ரெண்டு மாறிக் கெடக்கு.

—முந்தாநாள்தானே சுள்ளிக்கல் ஏரியால கரண்ட் போச்சு?

—ஆமா, மழைக்குப் போயிட்டு. ஸ்கேன் சென்டர்ல யூபிஎஸ்ஸும் தாங்கல.

—அப்போ தப்பு நம்ம சாஃப்ட்வேர்லதான். பத்து வருஷத்துப் படம் மொத்தமும் ஒரே ஃபைல். அதை ஒரு டிஸ்க்குன்னு கம்ப்யூட்டரை நம்ப வெச்சுத் தெறக்கறது நாம. பாதியிலே கரண்ட் போனா, எது எங்கே இருக்குன்னு சரிபார்த்துட்டுத்தான் தெறக்கணும்.

—அதுக்குப் பதினோரு நிமிஷம் ஆவுதுன்னுதான சென்டர்ல சண்டைக்கி வந்தாவ.

—கடைசியா எழுதின எடத்தை மட்டும் பார்த்தா போறும்னு நான்தான் மாத்தினேன். நாப்பது செகண்டுன்னு எல்லாரும் கை தட்டினா. போறலை, கண்டேளா. அந்த ஃபோனைத் தாங்கோ.

—ஆருக்கு?

—கமலாக்ஷி அக்காவுக்கு. சென்டரை நடத்தறது அவாதானே.

—கொஞ்சம் பொறுங்க மேடம். மத்தியானத்துக்குள்ள நான் சரி பண்ணிருதேன், ஆருக்கும் தெரியாண்டாம். இங்க நாம மொத்தமே ஆறு பேரு. வெளிய போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்.

—மத்தியானத்துக்குள்ளே டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து எழுதிடுவார். விடுங்கோ... ஹலோ, கமலாக்ஷி அக்கா? மட்டாஞ்சேரி ஆபீஸ்லேந்து ஸாதனா.

—சொல்லு மோளே. இப்போ நல்ல ஸ்பீடாக்கும். சாயா குடிக்கக்கூட நேரமில்லை.

—யாருக்கும் ரிப்போர்ட் குடுக்காதீங்கோ. முந்தாநாள் எடுத்த படங்கள் பேர் மாறிப் போயிருக்கு. அழகர்னு ஒருத்தர் பேர்ல ஒரு பொம்மனாட்டி படம்...

—ஈஸ்வரா. அவருக்கு நேத்திக்கே குடுத்தாச்சே. ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார் பாவம். வெலிங்டன் தீவுல கட்டட வேலை.

—ஸ்கேன் மெஷின்லேயே அவர் படம் ஒரு வாரம் இருக்கும். அதை இப்போவே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கோ. நான் லைன்லயே இருக்கேன்.

—இரு... பார்த்துண்டிருக்கார்... மோளே, வலது பக்கம் சின்னதா ஒரு கட்டி இருக்காம். சீக்கிரம் கவனிச்சா பயமில்லைங்கறார். ஆட்டோ அனுப்பிக் கூட்டிண்டு வரச் சொல்றேன். அந்த இன்னொரு பொம்மனாட்டிக்கு இன்னும் குடுக்கலை, நல்ல காலம். இது யார் பண்ணின வேலை?

—நான்தான், அக்கா. எழுதியும் அனுப்பறேன்.

—ஒன்னை நம்பித்தானே மோளே குடுத்தேன். வெக்கறேன்.

—ஏன் மேடம் அப்பிடிச் சொன்னீய?

—பின்னே எப்படிச் சொல்றது? இன்னிக்கே ராஜினாமா எழுதிடறேன். கும்பிட்டுட்டுப் போயிருக்கார் அந்த மனுஷன்.

—எழுதாதீய.

—ஆறுதல் சொல்லாதீங்கோ, இசக்கி.

—ஆறுதல் இல்ல. சென்டர்ல இருக்க பழைய கம்ப்யூட்டர்ல ஒங்க நாப்பது செகண்டு சோதனைக்கே மூணு நிமிஷம் ஆச்சு. வாசல்ல சீக்காளிய நிக்காவன்னு கெஞ்சினாவ. அந்தச் சோதனையே அங்க ஓடல, மேடம், ஒங்ககிட்டச் சொல்லாம நாந்தான் அத அணைச்சுட்டு வந்தேன்.