தனியா விடாதீங்கன்னு சொன்னது யாரு?

"ஒரு ஜீவன் துடிச்சிட்டிருக்கு, உங்க வீட்டு டாக்டர் கார்ல உக்காந்துக்கிட்டு வேடிக்கை பாக்கறாங்க. இவங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" அப்படின்னு கேட்டுட்டுப் போறா அந்தம்மா! வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்றேன், கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. நம்ம கேட்டப் புடிச்சிக்கிட்டு, நம்ம வாசல்ல நின்னு, என்கிட்டயே! எனக்கு வந்துச்சு பாரு கோவம்... இந்தா, அந்தப் பையத் தூக்கிப் பின்னால போடு. நானும் காருக்குள்ள உக்காந்துக்கறேன். கண்ணாடி வழியா குனிஞ்சு குனிஞ்சு பேசினா இடுப்பும் போகுது, மானமும் போகுது. பக்கத்து வீட்டம்மா காஞ்ச துணிய எடுத்து மறுபடி காயப் போட்டுட்டிருக்கா, நம்மளப் பாக்கறதுக்குன்னே.

அப்பாடா... ஐய, இதென்ன சீட்டு பூரா முடி! நாய் முடியா, பூனை முடியா?... ரெண்டுமா. போச்சு, என் புடவை போச்சு.

எங்க விட்டேன்? ஆங், அந்தம்மா. துடிக்குதாம்ல ஜீவன்! அவ கொண்டு வந்த கூடைக்குள்ள எட்டிப் பாத்தேன். பூனை மல்லாந்து படுத்துக் குறட்டை விடுது. "என்னங்க அதுக்கு?"ன்னேன். "நகம் வளந்துபோச்சு, சோபாவக் கிழிக்குது"ங்கறா. நகம்! நகம் வெட்ட அரை நாள் லீவுல வீடு தேடி வந்திருக்கா! "அப்ப துடிக்கறது உங்க சோபாதாம்மா, தையக்காரர்கிட்ட தூக்கிட்டுப் போங்க"ன்னேன். அதுக்குத்தான் அந்தப் பேச்சு. பேசட்டும். நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டருங்க பத்து வருஷம் பாடுபட்டு எனக்கு மரியாதை சொல்லிக் குடுத்தாங்க. அத வாசக் கேட்டு வரைக்கும்தான் கொண்டு போனேன், கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டேன்.

நீ ஒண்ணும் பேச வேணாம். உன்னப் பேசச் சொல்லல. எஞ்சின அணைச்சிட்டு, ஸ்டியரிங்கக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, மதியத்துலேர்ந்து இப்படியே உக்காந்திருக்க. இன்னிக்கு நேத்தா நடக்குது இது? தெனமும் இதே கூத்து. வண்டி வீட்டுக்கு வந்துடுது, நீ வர மாட்டேங்கற. உங்கண்ணன் ஜன்னல் திரைய விலக்கி விலக்கிப் பாத்துட்டு, "போன்ல பேசறா போலிருக்கு"ங்கறாரு. போன் அணைஞ்சு கெடக்கு, நாத்தனார் யார்கிட்ட பேசறா? ஆம்பளைங்களுக்கு நல்லதா ஒரு காரணம் கெடைச்சா போதும், அதுக்கு மேல போக மாட்டாங்க.

அது சரி, போன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்கு சாப்பிட உக்காந்தோம், யாரோ உனக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்களே! உங்கண்ணன் மூக்குக் கண்ணாடி போடாம எடுத்துப் பாத்துட்டு, "அட, சாக்லேட் கேக்கா, யாருக்குப் பொறந்தநாள்?"னு கேட்டாரே! நாய் வெளிக்குப் போனது அது! அதோட அந்த மனுஷன் சாக்லேட்டு தொடறதில்ல. சக்கரைக்கு நல்லதுன்னு நானும் விட்டுட்டேன். நீ என்ன பண்ணின? ஒரு கையில சோறு, ஒரு கையில போட்டோ. பெருசு பண்ணிப் பாத்து பதில் போட்டுட்டு மறுபடி சாப்பிட்ட. அப்பல்லாம் சாப்பிட்ட. அப்பல்லாம் அதையும் சொல்லிச் சிரிச்ச.

இப்ப தட்டுல போட்டத ஓரமா ஒதுக்கி ஒதுக்கி வச்சிட்டு, "வயிறு நெறைஞ்சிருச்சு அண்ணி"ங்கற. எதுல நெறைஞ்சது?

உங்க சித்தி இருக்காளே, அவ ஒருத்தி. "மனுஷனுக்கு வைத்தியம் பாத்தா மனசு ஒடியும், ஒத்துக்கறேன். நாய்க்கு ஊசி போடறவளுக்கு என்ன மனக்கஷ்டம்?"னு கேட்டா. நல்லாக் குடுத்தேன். "சித்தி, மனுஷன் வைத்தியத்துல நோயாளி பேசுவான், கூட வந்தவன் சும்மா நிப்பான். இவ வேலையில நோயாளி கடிக்கும், கூட வந்தவங்க குரைப்பாங்க. நீங்க ஒரு நாள் போய் நின்னு பாருங்க"ன்னேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. இன்னும் திரும்பலன்னு கேள்வி.

எனக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கியா? உன் ஆஸ்பத்திரி கவுண்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு எல்லாம் சொல்லுவா. போன மாசம் அந்தப் பெரியவரு வந்தாராமே, கெழட்டு நாயத் தூக்கிக்கிட்டு. இனிமே முடியாது, கஷ்டப்படுத்த வேணாம்னு நீதான் எடுத்துச் சொல்லி, நீதான் ஊசியும் போட்டியாம். அது கண்ண மூடற வரைக்கும் அதோட காதத் தடவிக்கிட்டே இருந்தியாம். அந்தப் பெரியவரு உன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாராம். நீ வெளிய வந்து, மூஞ்சியக் கழுவி, கோட்ட மாத்தி, அடுத்த ரூம் கதவத் தெறந்து, "அடடா, யாரு இந்தப் புது வாலு!"ன்னியாம். மொதத் தடுப்பூசிக்கு வந்த குட்டி. அந்த வீட்டுப் புள்ளைங்க ரெண்டும் குதிக்குதாம். அவங்களோட சேந்து போட்டோவுக்கு வேற சிரிச்சியாம்.

ஒரு சுவருதாண்டி நடுவுல! செத்த வீட்டுலேர்ந்து எந்திரிச்சு கல்யாண வீட்டுக்குப் போறதுன்னா கூட நமக்கெல்லாம் குளிச்சு, புடவை மாத்தி, ஒரு காபி குடிக்க நேரம் இருக்கும். உனக்கு ஒரு கதவு தெறக்கற நேரம். அதையும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை! மூஞ்சிய மாத்தி மாத்திப் போட்டு, வீட்டுக்கு வர்றப்போ மிச்சம் ஒண்ணும் இருக்கறதில்ல. அதான் கார்லயே உக்காந்துடற. நான் என்ன மக்கா, தெரியாம இருக்க?

இன்னொண்ணு சொல்லட்டுமா? உன் குரல். மேசையில ஏத்தின நாய்கிட்ட பேசுவியே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சமத்துக்குட்டி, எல்லாம் சரியாப் போச்சு"ன்னு... தேன் மாதிரி இருக்கும். அதுக்கு அடுத்த நொடி ஊசி உள்ள போகும். போன வாரம் சமையக்கட்டுல வந்து நின்ன. டம்ளரக் கழுவிக்கிட்டே, "இப்படியே வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிட்டா என்னன்னு இருக்கு அண்ணி"ன்ன. எனக்குக் கரண்டி கையிலேர்ந்து விழுந்துச்சு. "எங்கடி போற?"ன்னேன். நீ உடனே அந்தக் குரல எடுத்த. "ஒண்ணுமில்ல அண்ணி, ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்." அந்தக் குரல என்கிட்டயா எடுக்கற! நான் என்ன மேசை மேல நிக்கற நாயா? அன்னிலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல. உங்கண்ணன் மட்டும் நல்லாத் தூங்கறாரு. குடும்பத்துக்கு ஒருத்தராவது தூங்கணுமே, தூங்கட்டும்.

அதனால ஒரு காரியம் பண்ணிட்டேன். கோவப்படுவ. படு. கோவப்பட்டா நல்லது, அதுக்காவது தெம்பு இருக்குன்னு நெனச்சுக்கறேன்.

நேத்து மதியம் உனக்கு ஒரு போன் வந்துச்சா? ஒரு பெரிய வீட்டு அம்மா, பாதி இங்கிலீஷ், மூக்கால பேசினாங்களா? வீட்டுல ஒரு பொட்ட நாய்க்கு முடியலன்னு சொன்னாங்களா?... என்ன அப்படிப் பாக்கற! நான்தான். எங்க பிரின்ஸிபல் மதர் குரல்! பள்ளிக்கூடத்துல அவங்கள மாதிரி பேசிக் காட்டித்தான் நான் முட்டி போட்டு நின்னதே. எதுக்காவது உதவிச்சே. கவுண்டர் பொண்ணுக்குத் தெரியும், வாயப் பொத்திக்கிட்டு உனக்கு லைன் குடுத்தா. அவளத் திட்டாத, நான்தான் சத்தியம் வாங்கினேன்.

நீ கேட்ட, "சாப்பிடுதாம்மா?" நான் சொன்னேன், தட்டு கிட்ட வருது, மோந்து பாத்துட்டு நகந்துடுது டாக்டர். "தூங்குதா?" விடிய விடியக் கூடத்துல நடக்குது டாக்டர். "கூப்பிட்டா திரும்புதா?" தலையத் தூக்குது, ஆனா நம்மளப் பாக்கல டாக்டர். வெளிய போயிட்டு வந்தா ஒரு மூலையப் புடிச்சி உக்காந்துக்குது, உள்ள வர மாட்டேங்குது. "எப்பலேர்ந்து?" மூணு நாலு மாசமா டாக்டர்.

அப்ப கத்தின பாரு! "மூணு நாலு மாசமாப் பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க? அது வாயில்லா ஜீவன்மா. தனக்கு முடியலன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது, நீங்கதான் தெரிஞ்சிக்கணும். நாளைக்கே கொண்டு போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் தனியா விடாதீங்க. ஒண்ணும் செய்ய வேணாம், யாராவது பக்கத்துல சும்மா உக்காந்திருங்க. அது போதும் அதுக்கு."

ஊர் நாய்க்கெல்லாம் எவ்வளவு கரெக்டா சொல்ற! உன் வீட்டுக் கதைய உன்கிட்டயே சொல்றேன், அடையாளம் தெரியல பாரு உனக்கு. வயசு என்னன்னு மட்டும் கேக்காம விட்டியே, கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். போன வச்சிட்டு அடுப்பு முன்னால நின்னு அழுதேன். உங்கண்ணன் வந்து, "வெங்காயம் நான் உரிக்கட்டுமா?"ன்னாரு. வெங்காயமே இல்லைங்க வீட்டுலன்னேன்.

சரி, நீ சொன்ன வைத்தியம்தான் நடக்குது. சும்மா பக்கத்துல உக்காரத்தான் வந்தேன். வாய்தான் சும்மா இருக்க மாட்டேங்குது, அதுக்கு நான் என்ன பண்ண?

ஏய்... என்னம்மா... சிரிக்கறியா, அழறியா? ரெண்டும் சேந்து வருதா? வரட்டும், வரட்டும். நான் பாக்கல, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன். கண்ணத் தொடைக்க இங்க ஏதாவது வச்சிருக்கியா... இந்த டப்பாவுல என்ன... நாய் பிஸ்கட்டு. இது... நாய் பிஸ்கட்டு, வேற கலரு. இது தெர்மாமீட்டரா? இரு, ஒடம்பு சுடுதான்னு பாத்துடலாம், வாயத் தெற... என்ன, வேணாமா? ஏன்... எங்க வைக்கறது இது?... கருமம், கருமம்! மொதல்லயே சொல்லக் கூடாதா? கையக் கழுவணும் இப்ப! இந்தா, என் முந்தானையிலயே தொடச்சிக்க. ஏற்கெனவே பூரா நாய் முடியாப் போச்சு, மூக்கச் சிந்தினா மட்டும் என்ன.

காட்டுங்கன்னு நீ சொன்ன இல்ல? காட்டப் போறோம். ஆறு மணிக்கு. என்கூடப் படிச்சவ, மனநல டாக்டர். நாங்க வாத்துன்னு கூப்பிடுவோம், அந்த மாதிரி நடப்பா. வாத்துன்னாலாவது உனக்கு ஒரு தைரியம் வருமேன்னு பாத்தேன். நல்லவ. நம்மள மாதிரி வளவளன்னு பேச மாட்டா, கேப்பா. நெறைய மிருக டாக்டருங்க வர்றாங்களாம் அவகிட்ட, "நீ லேட்டுடி"ங்கறா.

திங்கக்கிழமை ஆபரேஷன் இருக்குன்னு வெரலத் தூக்காத. உன் கூட்டாளி டாக்டர்கிட்ட பேசிட்டேன். "ஒரு வாரத்துக்கு அவங்கள இந்தப் பக்கமே அனுப்பாதீங்க, நான் பாத்துக்கறேன்"னாரு. அப்புறம் மெதுவா, "அவங்க வந்ததும் நானும் ஒரு வாரம் லீவுல போகணும்"னாரு. மருந்து ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு நிப்பாராமே தெனமும்? உனக்கு காரு, அவருக்கு மருந்து ரூமு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து, "நல்லாருக்கீங்களா?" "நல்லாருக்கேன்"னு சொல்லிக்கிட்டு... படிச்ச முட்டாளுங்க!

வண்டிய நீ ஓட்ட வேணாம். உங்கண்ணன் ஓட்டுவாரு. ஊர்வலம் மாதிரிதான் ஓட்டுவாரு, ஆனா கொண்டு போய்ச் சேத்துடுவாரு. சாவியக் குடு. குடுக்க மாட்டேன்னு சொல்லு, நான் சொல்ல வேண்டியது இன்னும் நெறைய இருக்கு. உங்கம்மா போறப்ப உன் கையப் புடிச்சு என் கையில குடுத்தாங்களே, அதுலேர்ந்து ஆரம்பிச்சு...

அட... குடுத்துட்டியா? நெசமாவா? வருவியா?... இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எப்படி! அரை மணிக்குப் பேச்சு தயார் பண்ணிட்டு வந்தவளுக்கு இது அநியாயம் இல்லையா? சரி சரி, சாவி கைக்கு வந்துச்சு. போதும். போதும்மா எனக்கு.

சாஞ்சுக்க. அண்ணி தோள்தானே. எலும்புதான், தலகாணின்னு நெனச்சுக்க. அந்த வாத்து பத்தி சொல்லிட்டிருந்தேனே, ஒரு தடவை பிரேயர்ல நிக்கறோம், மதர் கண்ண மூடச் சொல்லிட்டாங்க, இவ என்ன பண்றா, மெதுவா நடந்து... தலையாட்டற பாரு, உனக்கும் தெரியுமா இந்தக் கதை? முன்னாடியே சொல்லியிருக்கேனா?

...ஏய்.

டாக்டரம்மா...

தூங்கிட்டாளா! அட, தூங்கிட்டா!

ஏங்க... ஏங்க, அங்கயே நில்லுங்க. கத்தாதீங்க. செருப்பத் தேச்சுக்கிட்டு வராதீங்க. மணி ஆகுதுன்னு எனக்கும் தெரியும். தூங்கறாங்க உங்க தங்கச்சி. ஆமா, நெசமாத்தான். வாத்துக்குப் போனப் போட்டு, "வர்றோம், கட்டாயம் வர்றோம், கொஞ்சம் லேட்டாகும்"னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா தூங்கறான்னு சொல்லுங்க, அவ புரிஞ்சுக்குவா. அப்படியே கேட்டப் பூட்டுங்க. நாயோ பூனையோ யானையோ, யாரு வந்தாலும் டாக்டர் இல்ல... சிரிக்காதீங்க, அழுகையும் வேணாம், போங்க உள்ள. கூடத்து லைட்டப் போடுங்க.

...கண்ணு... நான் பேசல, பேசல, தூங்கு. ஒண்ணே ஒண்ணு. எழுந்திரிக்க வேணாம். கண்ணு கூடத் தெறக்க வேணாம். கியர் என் இடுப்புல குத்துது, இந்தக் கை வேற மரத்துப் போச்சு... கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அந்தப் பக்கம் நகந்துக்கறியாம்மா?