ஆற்றோரத்தில் நிற்கும் குதிரை

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து. ஒரே அலுவலகத்து அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"என் குதிரை ரெண்டு மாசமா ஆத்தோரத்துலயே நிக்குதுங்க்கா."

"ஏது குதிரை?"

"கம்ப்யூட்டர் கேம்லங்க்கா. ஒரு வருசம் வெளையாண்டேன். கடைசிக் கோட்டை மட்டுந்தான் பாக்கி. என்னமோ, மனசு உட்டுப்போச்சு."

"அப்ப அழிச்சுப்போடு."

"எப்புடிங்க்கா? போறேன்னா சொன்னேன்? கழுத்தத் தடவி, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டேனே."

அக்காவும் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தூறல் விழுந்தது.

"அங்க மழை பெய்யுமா?"

"பெய்யுங்க்கா."

புதுச்சத்திரம் வந்ததும் எழுந்த அக்கா, இறங்காமல் குனிந்து சொன்னார்:

"ஊட்டுக்குப் போனதும் மொதல்ல அதை மரத்தடியில கட்டு, சாமி."