எறும்பும் மச்சானும்

"அந்த முனிவரு எறும்புகிட்டகூட மன்னிப்பு கேட்டாராமே. உங்க பாட்டக் கேட்டு நெஞ்சே உருகிடுச்சு."

மலேசியாவில், ராவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார். ஜைனரான முதலாளியின் வீட்டு வழிபாட்டில், ஒரு ஜைனத் துறவியின் புகழைப் பாடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார் அந்தக் கணவர்.

"மொதலாளியே அழுதுட்டாரு லா."

"அழாம? கோவத்த ஜெயிச்சவரு, பகையே இல்லாதவருன்னு எவ்ளோ அனுபவிச்சுப் பாடுனீங்க. இந்த பஸ்ஸு எங்கண்ணன் வீட்டத் தாண்டித்தான் போவுது. அங்கயும் ரெண்டு வரி பாடுங்களேன்."

"உங்கண்ணன் அவரு மக கல்யாணத்துல என்னைய மேடைக்குக் கூப்புடல."

"ஆமா, அந்த முனிவர மட்டும் எல்லாரும் மேடையில ஏத்தி வச்சாங்களாக்கும்."

அந்தப் பெண் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்து, அதைக் கணவர் கையில் திணித்தார். எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்ற குரல் எனக்கும் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மச்சான், நான்தான். சாப்டாச்சா?"

"இன்னும் இல்ல. வாங்க மாப்ள, சேந்தே சாப்புடலாம்."

அவர் எழுந்து மணியை அழுத்தினார். பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்த மனைவி சொன்னார்:

"அங்க போயி பாட ஆரம்பிச்சிடாதீங்க."