மூன்றாவது வண்டியில் நான் உட்கார்ந்த விதம்

என் பெயரையும் முகவரியையும் அடையாள அட்டையைப் பார்த்து ஸ்டேஷன் எழுத்தர் மேலே எழுதிக்கொண்டார். வயது ஐம்பத்திரண்டு. தொழில், கல்யாண மேடைகளில் மைக் பிடித்து, பந்தி தயாராகும்வரை வந்தவர்களைச் சிரிக்கவைப்பது. எடையை யாரும் கேட்கவில்லை என்றாலும், இந்த வழக்குக்கு அது தேவைப்படுவதால் நானே சொல்லிவிடுகிறேன்: நூற்றுப் பதினெட்டு கிலோ. மேடையில் தொண்ணூறு என்பேன். வீட்டில் கேட்டால் எடை மிஷின் கெட்டுவிட்டது என்பேன். உறவுக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் மூட்டை.

இறந்துபோனவன் என் மனைவியின் தம்பி. கல் அறுக்கும் பட்டறையிலிருந்து தரைக்கல் பலகைகளைக் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு ஏற்றிப்போவது அவன் பிழைப்பு. அவனிடமிருந்த சின்ன வண்டி பாரம் தாங்காமல் படுத்துவிட்டதால், போன மழைக்காலத்தில் பெரிய பிக்கப் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கத் தீர்மானித்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கிளட்ச் எந்தக் காலுக்கு என்று இன்றைக்கும் யோசித்துத்தான் சொல்வேன். இருந்தும் என்னைத்தான் கூட்டிப்போனான்.

"மாமா, நீங்க வாயே தொறக்க வேணாம். பின்னாடி உக்காந்தா போதும்" என்றான்.

வண்டி பார்ப்பதில் அவன் முறை இது: பின்கதவை இறக்கி, அதன் விளிம்பில் என்னை உட்காரவைப்பான். பிறகு பின்சக்கரத்தருகே குந்தி, டயருக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே விரல்களை விட்டு, வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பான். எல்லா வண்டியிலும் ஒரே ஆள் உட்கார்ந்தால்தான் எதன் அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை உறுதியானது என்று ஒப்பிட முடியும் என்பது அவன் கணக்கு. முதல் வண்டியில் நான் உட்கார்ந்ததும் ஏதோ முனகியது. "வண்டி முனகுதுடா மாப்ள" என்றேன். "அது வண்டி இல்ல மாமா, நீங்கதான்" என்றான். அது நன்றாக இறங்கியது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. அந்த இரண்டு இடங்களிலும் எங்களையும் விற்பவரையும் தவிர யாரும் இல்லை.

அதன்பின் மூன்றாவது வண்டியைப் பார்க்கப் போனோம். அது ஒரு காய்கறி மொத்த வியாபாரியின் வீட்டு முன்னால் நின்றது. நான் உட்காரப் போகும்போது, மாடியிலிருந்து அவர் வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். "ஏய், நம்ம கல்யாணத்துல பேசுனாரே, அந்த மைக்குக்காரர்டீ! வண்டி தாங்குமா?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி போனை எடுத்தாள். காசுக்குச் சிரிக்கவைப்பவனுக்கு அவர்கள் ஓசியில் சிரிப்பது பொறுக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் சேற்றில் கிடந்த சிமெண்டுக் கல்மீது, யாருக்கும் தெரியாதபடி இடது காலை ஊன்றிக்கொண்டு, பாதி ஆளாக உட்கார்ந்தேன். மைத்துனன் எனக்கு வலப்பக்கம் இருந்த சக்கரத்தருகே குந்தியிருந்தான். "ஒரு விரல்கூட இறங்கல மாமா! கல்லு மாதிரி நிக்குது" என்று சந்தோஷப்பட்டான். அந்த வண்டியையே வாங்கினான்.

அதன்பின் டீக்கடைக்குப் போனோம். "ஒத்தச் செருப்புல மட்டும் சேறா இருக்கே மாமா, நொண்டி விளையாடிட்டா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, எனக்குக் குனிய வராது என்பதால், அவனே துணியெடுத்துத் துடைத்துவிட்டான். நானும் சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பட்டறையிலிருந்து இறங்கும் சரிவில் அந்த வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. ஏற்றியிருந்த பலகைகள் முன்பக்கமாக வந்து அவன் இருக்கையை நசுக்கிவிட்டன. அவனை வெளியே எடுத்தபோது நான் அங்கே இருந்தேன். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றதை நான் தேடினேன், கிடைக்கவில்லை.

அதன்பின், கெட்டுப்போன ஸ்பிரிங்கை மறைத்து விற்றதாகக் காய்கறி வியாபாரிமேல் என் மனைவி புகார் கொடுத்தாள். "என் வீட்டுக்காரரே உக்காந்து பாத்த வண்டி, அவரையே ஏமாத்திட்டானே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். நேற்றிலிருந்து அந்த வியாபாரி இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வண்டியை உள்ளபடியே காட்டினார். மறைத்தது நான். பட்டை உடைந்துதான் வண்டி சாய்ந்திருக்கும், என் கால் அந்தக் கல்மீது இல்லாதிருந்தால் அவன் இந்த வண்டியை வாங்கியிருக்க மாட்டான். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறேன். இதைக் கேட்டபின் என் முகத்தில் விழிப்பாளா என்று தெரியவில்லை.

இவை நானாக வந்து சொன்னவை. யாரும் மிரட்டவில்லை. எழுத்தர் படித்துக்காட்டியதைக் கேட்டேன், எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது.

கையெழுத்திடும் முன், பின்முற்றத்தில் நிறுத்தியிருக்கும் வண்டியை அடையாளம் காட்ட அதிகாரி என்னை அழைத்துப்போனார். அதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அது அதே வண்டிதான். தரையில் உட்கார்ந்து அடியில் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு புறமும், பழைய பட்டைகளோடு புதுப்பட்டை ஒவ்வொன்று சேர்த்துக் கட்டியிருக்கிறது. வாங்கிய மறுநாளே மைத்துனன் வந்து போட்டுக்கொண்டு போனதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறாராம். ஒரு பட்டையும் உடையவில்லை.

(கையெழுத்து)